உச்சிப்புளி பக்கம் 5 அடி பள்ள மனை: மண்ணைத் தாங்க கருங்கல் சுவரா, ஆர்.சி.சி.யா?

மனை_உச்சிப்புளி:
வணக்கம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் 40க்கு 60 அடி மனை. வடகடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே. ரோட்டை விட 5 அடி பள்ளம். ரோடு முன்பக்கம், இரண்டு பக்கமும் வேறு மனைகள், பின்பக்கம் பனங்காடு. குழி தோண்டிப் பார்த்ததில் 2 அடி வரை சன்ன மணல், கீழே சிப்பி கலந்த மணல். கார்த்திகையில் ஒன்றரை அடி தோண்டினாலே தண்ணீர் வரும் என்கிறார்கள்.

மேஸ்திரி சொல்லும் வழி: 9 அங்குலச் செங்கல்லில் காம்பவுண்டு, 10 அடிக்கு ஒரு பில்லர், உள்ளே சவுடு அடித்து நிரப்பி மேலே வீடு. அக்கம்பக்கத்தில் ஹாலோ பிளாக்கிலேயே இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். இது நிற்குமா? நிற்காது என்றால் கருங்கல்லா, ஆர்.சி.சி.யா? அளவோடு சொன்னால் நல்லது.

சுவர்க்கணக்கு:
காம்பவுண்டுச் சுவர் வேறு, தாங்குசுவர் வேறு. முன்னது காற்றுக்கு நிற்க வேண்டியது, பின்னது மண்ணின் பக்கவாட்டுத் தள்ளலுக்கு. மேஸ்திரி சொல்லும் சுவரை மண்ணுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காய்ந்த மணல், உராய்வுக் கோணம் 30 டிகிரி, எடை கன மீட்டருக்கு 1.8 டன் என்று வைத்தால் பக்க அழுத்தக் கெழு மூன்றில் ஒரு பங்கு. 4 அடி மண் நிரப்பினால் சுவரின் அடியில் செங்கல் மூட்டில் இழுவிசை, சுவரின் சொந்த எடையைக் கழித்த பிறகும், சதுர மி.மீட்டருக்கு 0.17 நியூட்டன். செங்கல் கட்டுக்கான இந்திய நெறிமுறை ஐ.எஸ். 1905 அந்தத் திசையில் அனுமதிப்பது 0.07. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். 3 அடி மண்ணுக்கு 0.065 வருகிறது, விளிம்பில் நிற்கிறது. 2 அடிக்கு இழுவிசையே இல்லை. ஆக 9 அங்குலச் சுவர் 2 அடி மண்ணை நிம்மதியாகத் தாங்கும், 3 அடிக்கு வடிகால் சரியாக இருந்தால்தான், 4 அடிக்குக் கூடாது, உங்கள் 5 அடிக்குப் பேச்சே இல்லை. இது காய்ந்த மண்ணுக்கு மட்டுமான கணக்கு.

10 அடிக்கு ஒரு பில்லர் காப்பாற்றாது. நடுவில் உள்ள பலகம் வயிறு தள்ளும், பில்லரை ஒட்டிச் செங்குத்தாக விரிசல் விடும். ஹாலோ பிளாக்கில் குழிக்குள் கம்பியும் கான்கிரீட்டும் இல்லையென்றால் அது இதைவிடப் பலவீனம். அக்கம்பக்கத்துச் சுவர் இன்று நிற்கிறது என்றால் இன்னும் ஒரு நல்ல ஐப்பசி மழையை அது முழுதாகப் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கல்லும்_கலவையும்:
அக்கா சொன்னது சரி. தம்பி, 5 அடிக்குக் கருங்கல் கட்டுதான் இந்தக் கரைக்குப் பொருத்தம். கம்பி கிடையாது, அதனால் துருவும் கிடையாது. இங்கே கரையோரம் உருப்படியான கருங்கல் கிடைக்காது, சிவகங்கை, விருதுநகர் பக்கமிருந்துதான் லாரி வரவேண்டும். வாடகை கூடும். அப்படியும் ஆர்.சி.சி.யைவிடக் குறைவாகத்தான் வரும், 6 அடி உயரம் வரை.

அளவு: தலை அகலம் ஒன்றரை அடி, ஃபுட்டிங் மேல் சுவரின் அடி அகலம் 3 அடி, ஃபுட்டிங் 4 அடி அகலம் ஒன்றரை அடி கனம், அதற்குக் கீழே 1:4:8 ஜல்லிக் காங்கிரீட் அரை அடி. வெளிமுகம் தூக்குக்குண்டுக்கு நேர். அகலக் குறைப்பு எல்லாம் உள்பக்கம், படிபடியாக. ஃபுட்டிங்கும் உங்கள் எல்லைக்குள்ளேயே முடிய வேண்டும், அதனால் சுவரின் வெளிமுகம் எல்லைக் கோட்டிலிருந்து அரை அடி உள்ளே தள்ளி வரும். இந்த அரை அடிக்கு ஆசைப்பட்டு ஃபுட்டிங்கை அடுத்தவர் மனைக்குள் விடாதீர்கள். அவர் வீடு கட்ட வானம் தோண்டும் நாளில் உங்கள் சுவரின் கால் காற்றில் நிற்கும்.

கட்டும்போது பார்க்க வேண்டியது: ஒவ்வொரு வரிசையிலும் 5 அடிக்கு ஒரு ஊடுகல், சுவரின் முழு அகலத்துக்கும் போக வேண்டும். கீழே 3 அடி அகலத்துக்கு ஒரே கல் கிடைக்காது. அங்கே இரண்டு கல்லை ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறுகிற மாதிரி வைக்க வேண்டும். வெளிமுகத்தில் அழகாகக் கல் அடுக்கிவிட்டு நடுவில் பொடிக்கல்லும் கலவையும் கொட்டி நிரப்புவது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கட்டினால் அது மூன்றடிச் சுவரே இல்லை, நடுவே பிரிந்து போகும் இரண்டு தோல். தினம் மாலை ஒரு இடத்தில் கம்பியால் குத்திப் பாருங்கள். கலவை ஏறாத பொந்து இருந்தால் கம்பி சொருகும்.

மனை_உச்சிப்புளி:
அண்ணே, முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், பழைய வீடுகளில் இருந்து இடித்தது கிடைக்கிறது, மலிவு. அதை உள்பக்கம் நிரப்பலாமா?

கல்லும்_கலவையும்:
வேண்டாம். கல் முழுக்கத் துளை, உப்பை உறிஞ்சி வைத்திருக்கும், எடையும் கருங்கல்லில் பாதிக்குச் சற்று மேல்தான். எடையால் நிற்கிற சுவருக்கு எடை குறைந்த கல் ஆகாது. கீழக்கரையிலும் இராமேஸ்வரத்திலும் பழைய வீடுகள் அதில் நிற்கின்றன, அது சுண்ணாம்புக் கலவையில், தரைக்கு மேலே. மண்ணைத் தாங்க இல்லை. இன்னொன்று, பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. லாரியில் ஏற்றினாலே வம்பு.

சுவர்க்கணக்கு:
அண்ணன் கொடுத்த அளவைச் சோதித்தேன். ஃபுட்டிங் மேல்மட்டத்தில், காய்ந்த மண்ணுக்கு, ஒரு மீட்டர் நீளத்தில் தள்ளுவிசை 0.68 டன். காப்பு என்பது தள்ளலைப் போல எத்தனை மடங்கு சுவர் தாங்கும் என்பது. கவிழ்வுக்கு எதிரான காப்பு 3.6, நகர்வுக்கு எதிரான காப்பு 2.1. தேவை முறையே 2, 1.5. தாராளமாகத் தேறுகிறது. அகலத்தை உள்பக்கம் வைத்ததால் சரிவின் மேல் உட்காரும் மண்ணின் எடையும் சுவருக்குச் சேர்கிறது. வெளிமுகத்தைச் சாய்த்து உள்முகத்தை நேராகக் கட்டினால் நகர்வுக் காப்பு 1.65 ஆக இறங்கிவிடும், கல்லோ அதே அளவு.

இப்போது அதே சுவரின் பின்னால் மழைநீர் தலைவரை நின்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். நனைந்த மண்ணின் தள்ளல் மிதப்பினால் குறையும், 0.38 டன்தான். ஆனால் தண்ணீரின் தள்ளல் தனியாக 1.1 டன். மொத்தம் 1.48. இரண்டு மடங்குக்கும் மேல். அடியில் தூக்கும் அழுத்தத்தையும் சேர்த்தால் நகர்வுக் காப்பு 0.76. 1க்குக் கீழே என்றால் சுவர் நகர்ந்தே தீரும். கவிழ்வுக் காப்பு அப்போதும் 1.1 இருக்கிறது, அதனால்தான் இங்கே விழுந்த சுவர்கள் பல, கவிழாமல் அடியோடு அரை அடி வெளியே வழுக்கி, பிறகு உடைந்து கிடக்கின்றன.

ஆகவே இந்தக் கரையில் சுவரின் கனத்தைக் கூட்டுவதைவிட வடிகாலுக்குச் செலவிடுவது மேல். மண்ணைத் தாங்க இந்தச் சுவர் போதும். தண்ணீரைத் தாங்க இதைப் போல இரண்டு மடங்கு அகலம் வேண்டும். அது வீண்.

தொண்டி_கடலோரம்:
வடிகால் என்றால் வீப் ஹோல், அதாவது நீர் வடியச் சுவரில் விடும் துளை. அதை வைப்பதைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. எங்கள் பக்கம் வீப் ஹோல் வைத்த சுவர்களில் எல்லாம் மழைக்குப் பிறகு துளை வழியே மணல் கொட்டுகிறது. உள்ளே பேவர் கல் இறங்குகிறது, சுவரோரம் பள்ளம். கடைசியில் எல்லோரும் துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். மணல் மண்ணுக்கு வீப் ஹோல் ஒத்துவராது என்றுதான் நினைக்கிறேன். அடைத்துவிட்டுச் சுவரைக் கனமாகக் கட்டலாமே?

மண்ணும்_நீரும்:
அடைத்தால் மேலே சொன்ன 0.76தான் கிடைக்கும், சார். மணல் கொட்டுவது துளையின் குற்றம் இல்லை, பின்னால் வடிகட்டி இல்லாததன் குற்றம்.

வடிகட்டி ஜல்லிக்கு ஒரு விதி உண்டு. ஜல்லியில் 15 விழுக்காடு எந்த அளவுக்குக் கீழே சலிக்கிறதோ அந்த அளவு, பின்னால் உள்ள மண்ணில் 85 விழுக்காடு சலிக்கும் அளவைப் போல 4, 5 மடங்கைத் தாண்டக் கூடாது. இங்குள்ள சன்ன மணலுக்கு அந்த 85 விழுக்காட்டு அளவு 0.3, 0.4 மி.மீ. இருக்கும். அப்படியானால் வடிகட்டியின் அளவு 1.5 முதல் 2 மி.மீ. 20 மி.மீ. ஜல்லியை நேரே மணலோடு ஒட்டிக் கொட்டினால் அது வடிகட்டி இல்லை, மணல் போக வழி. உங்கள் பக்கம் நடப்பது இதுதான்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, 20 மி.மீ. ஜல்லி ஓர் அடி அகலம், அதற்கும் மண்ணுக்கும் நடுவில் நெய்யப்படாத ஜியோ டெக்ஸ்டைல் துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை. இரண்டு, துணி கிடைக்காவிட்டால் ஜல்லிக்கும் மணலுக்கும் நடுவில் முரட்டு எம்-சாண்டு முக்கால் அடி, அதற்கும் ஜல்லிக்கும் நடுவில் 6 மி.மீ. சிப்ஸ் அரை அடி. இரண்டாவதைப் பலகை வைத்து அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும், ஆள் பொறுமை வேண்டும். நடைமுறையில் துணிதான் நம்பகம். கோணிச்சாக்கு மக்கிவிடும். பச்சை ஷேட் நெட் கண் பெரிது, மணலை விட்டுவிடும். சிமெண்ட் சாக்கைக் கிழித்துப் போடுகிறார்கள், அது நீரையே விடாது.

துணி ஒன்றோடொன்று ஓர் அடி ஏற வேண்டும். ஜல்லியின் அடியிலும் தலையிலும் மடித்து உறை போலச் சுற்ற வேண்டும். தலையை மடிக்காமல் விட்டால் மேலிருந்து மண் இறங்கி இரண்டே மழையில் ஜல்லி அடைந்துவிடும்.

இன்னொரு பழக்கம் கிரஷர் டஸ்ட்டைச் சுவரோரம் நிரப்புவது. அதில் மாவு அதிகம், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சவுடும் அப்படித்தான், களி கலந்தது. சுவரிலிருந்து 3 அடி வரை மணல் அல்லது முரட்டு எம்-சாண்டு, அதற்கு அப்பால்தான் சவுடு. கடற்கரை மணலை அள்ளி வரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உப்பு ஒருபுறம், சட்டம் இன்னொருபுறம்.

மனை_உச்சிப்புளி:
வீப் ஹோல் தண்ணீர் பக்கத்து மனைக்குள் விழுமே? இரண்டு பக்கமும் வேறு ஆட்கள். சண்டைக்கு வருவார்கள்.

சுவர்க்கணக்கு:
வரத்தான் செய்வார்கள், நியாயமும் அவர்கள் பக்கம். அதனால் பக்கச் சுவர்களில் முதல் வடிகாலாகக் குழாயை வையுங்கள். சுவரின் பின்னால், ஜல்லியின் அடியில், வெளித்தரை மட்டத்துக்கு அரை அடி மேலே தொடங்கி, 110 மி.மீ. துளையிட்ட பி.வி.சி. குழாய், துளைப் பக்கம் கீழே பார்க்க, 150க்கு 1 வாட்டம். 60 அடிக்கு வாட்டம் சுமார் 12 செ.மீ. போதும். இரண்டு பக்கக் குழாயும் பின்சுவருக்கு வந்து பனங்காட்டுப் பக்கம் வெளியேறட்டும். மூலையில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடித் தொட்டி, மூடியோடு. வருடம் ஒரு முறை புரட்டாசியில் திறந்து, மறுமுனையிலிருந்து ஓஸ் விட்டுப் பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் அடைப்பு.

குழாய் அடைந்தால் காக்க, பக்கச் சுவரிலும் 75 மி.மீ. வீப் ஹோல் வேண்டும், ஆனால் குழாயைவிட ஓர் அடி மேலே, 2 மீட்டருக்கு ஒன்று. குழாய் வேலை செய்யும் வரை அதில் சொட்டும் விழாது. அதில் தண்ணீர் வந்தால் குழாய் அடைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பக்கத்து மனைக்காரரிடம் கட்டும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். பின்சுவரில் மட்டும் தரைக்கு அரை அடி மேலே ஒரு வரிசை, அதற்கு இரண்டரை அடி மேலே இன்னொரு வரிசை, ஒன்றரை மீட்டர் இடைவெளி, கீழ்வரிசைத் துளைக்கு நடுவே மேல்வரிசைத் துளை வரும்படி மாற்றி.

துளைக் குழாய் வெளிப்பக்கம் சாய வேண்டும், 10க்கு 1. கட்டும்போது உள்வாயில் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டிவிடுங்கள். பூச்சு வேலை செய்பவர் துளைக்குள் கலவை போய்விடாமல் தாள் சுருட்டிச் சொருகுவார், கடைசியில் எடுக்க மறந்துவிடுவார். எண்ணி எடுக்கவும்.

கல்லும்_கலவையும்:
அளவு கேட்டீர்களே தம்பி. 10 மீட்டர் நீளத்துக்குச் சொல்கிறேன், உங்களுக்கு மூன்று பக்கமும் சேர்த்து 160 அடி, அதாவது 49 மீட்டர், 5 மடங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

கல் கட்டு மொத்தம் பதினைந்தரை கன மீட்டர். கல் 7 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), கழிவு சேர்த்து. கலவை 1:4 என்றால் சிமெண்ட் 38 மூட்டை, எம்-சாண்டு 2 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. 1:5 போட்டால் 32 மூட்டையில் முடியும், ஆனால் உப்புக் காற்றுக்கு 1:4 போடுங்கள். கலவை நெருக்கமாக இருந்தால்தான் உப்பு ஏறாது. வடிகால் ஜல்லி ஒன்றரை யூனிட்டுக்கு மேல் கொஞ்சம். துணி 25 சதுர மீட்டர். அடிக் காங்கிரீட் 2 கன மீட்டர். 10 மீட்டருக்கு ஓர் இணைப்பு விட்டு, அடி முதல் தலை வரை 20 மி.மீ. இடைவெளி, தார் ஊறிய பலகை வைத்துக் கட்டுங்கள். இணைப்பின் பின்னாலும் துணி வர வேண்டும், இல்லையென்றால் அந்தச் சந்தில் மணல் ஒழுகும்.

காலம் முக்கியம். ஆனி, ஆடியில் வானம் தோண்டினால் நீர்மட்டம் இறங்கியிருக்கும், வேலை காய்ந்த மணலில் நடக்கும். புரட்டாசி பாதிக்குள் பின்நிரப்பும் முடிய வேண்டும். மணலில் வானத்தின் கரை நிற்காது, சரிந்துகொண்டே வரும். ஒரேயடியாக 60 அடியும் தோண்டாமல் 20 அடி தோண்டி, காங்கிரீட் போட்டு, ஃபுட்டிங் ஏற்றிவிட்டு அடுத்த 20 அடிக்குப் போங்கள். அடிக் காங்கிரீட் போடும் முன் வானத்தின் அடியைத் தண்ணீர் தெளித்து பிளேட் வைப்ரேட்டர் விட்டு இறுக்குங்கள். உளி மண்ணில் எளிதாக இறங்கினால் இன்னும் இறுகவில்லை.

உள்ளே மண் நிரப்புவது கட்டி முடித்து 3 வாரம் கழித்து. அரை அடி அரை அடியாக. சுவரிலிருந்து 3 அடிக்குள் ரோலர், டிராக்டர் எதுவும் வரக் கூடாது, கையால் தள்ளும் கம்பாக்டர் மட்டும். லாரியைச் சுவரோரம் ரிவர்ஸ் எடுத்துக் கொட்டவிட்டால் மழை வருவதற்கு முன்பே சுவர் வயிறு தள்ளிவிடும்.

தேவிபட்டினம்_வடக்கு:
எங்கள் இடம் மணல் இல்லை. தேவிபட்டினத்துக்கு வடக்கே உவர்க்களி. மழையில் கால் முழங்கால் வரை இறங்கும். இதே 5 அடிக் கல் சுவர் அங்கே நிற்குமா?

மண்ணும்_நீரும்:
நிற்காது. இந்தச் சுவர் வெளி விளிம்பில் தரைக்குக் கொடுக்கும் அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 6 டன். உச்சிப்புளி மணலுக்கு அது பெரிய பாரம் இல்லை. முழங்கால் வரை இறங்கும் களிக்குப் பாதுகாப்பான தாங்குதிறன் இரண்டரை முதல் மூன்றரை டன்தான் வரும். சுவர் வெளிப்பக்கம் சாய்ந்து இறங்கும்.

களியில் இன்னொரு சிக்கல், சுவரைவிட நிரப்பும் மண்ணே பெரிய பாரம். 5 அடி மண் என்றால் சதுர மீட்டருக்கு 2.7 டன், மனை முழுக்க. களி அதற்குக் கீழே மாதக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும், சுவரும் கூடவே போகும். அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் மண்ணைக் கொட்டி, ஓரங்களை 2க்கு 1 சரிவாக விட்டு, ஒரு மழைக்காலம் விடுங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் குச்சி நட்டு மாதம் ஒரு முறை மட்டம் பாருங்கள். இறக்கம் நின்ற பிறகு ஓரத்தை வெட்டிச் சுவர் கட்டலாம். சுவருக்குக் கீழே களியை 2 அடி எடுத்துவிட்டு முரட்டு மணலும் ஜல்லியும் இறுக்கி நிரப்பி, ஃபுட்டிங்கைவிட இருபுறமும் ஓர் அடி அகலமாக.

இடம் இருந்தால் 5 அடியை இரண்டாக உடையுங்கள், இரண்டரை அடிச் சுவர் இரண்டு, நடுவில் குறைந்தது 5 அடி இடைவெளி. இடைவெளி குறைந்தால் மேல்சுவரின் பாரம் கீழ்ச்சுவரின் மேல் விழும், பிரித்ததற்குப் பொருளில்லை. வீட்டுக்குத் தனியாக மண் பரிசோதனை செய்து பைல் போட வேண்டி வரலாம். அதைச் சுவரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தொண்டி_கடலோரம்:
வடிகட்டி விளக்கத்துக்கு நன்றி. எங்கள் பக்கம் ஒன்றிலும் துணி போட்டு நான் பார்க்கவில்லை, ஜல்லி மட்டும்தான். ஆர்.சி.சி. பற்றியும் யாராவது எழுதுங்கள். 8 அடி உயரத்துக்குக் கல் கட்டினால் அடி அகலம் மனையையே தின்றுவிடுகிறது.

சுவர்க்கணக்கு:
6 அடிக்கு மேல் ஆர்.சி.சி.தான். ஆனால் இங்கே அதன் ஆயுளைத் தீர்மானிப்பது கம்பியின் மேல் இருக்கும் கான்கிரீட்டின் கனமும் (கவர் என்பது இதுதான்) நெருக்கமும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி, உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பதற்குக் காரணம் இந்தக் காற்றும் கடலும்தான்.

கான்கிரீட்டுக்கான இந்திய நெறிமுறை ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் வைக்கிறது: குறைந்தது எம்30 தரக் கான்கிரீட், கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், நீர் சிமெண்ட் விகிதம் 0.45க்கு மேல் கூடாது, கவர் 45 மி.மீ. கடல் தெறிப்பு படும் இடம் என்றால் எம்35, 340 கிலோ, கவர் 50. அலை ஏறி இறங்கும் இடத்துக்கு எம்40, 360 கிலோ, விகிதம் 0.40, கவர் 75. மண் படும் முகத்துக்கு எங்கேயும் 50க்குக் குறைக்காதீர்கள். சிமெண்ட் கசடு கலந்தது, அதாவது பி.எஸ்.சி., முதல் தேர்வு. குளோரைடை அது நன்றாகத் தடுக்கும். சல்ஃபேட் எதிர்ப்புச் சிமெண்ட் என்று விற்பதைக் கடலோரம் என்றதும் எடுத்துவிட வேண்டாம், அது சல்ஃபேட்டுக்கு நல்லது, குளோரைடுக்குக் கைகொடுக்காது.

உதாரணத்துக்கு, மொத்த உயரம் 2.4 மீட்டர். அடித்தட்டு 30 செ.மீ. கனம். நிற்கும் சுவர் 2.1 மீட்டர், அடியில் 25 செ.மீ., தலையில் 20. மேலே கார் நிற்கும் பாரம் சதுர மீட்டருக்கு அரை டன். அடித்தட்டு 1.6 மீட்டர் போட்டால் நகர்வுக் காப்பு 1.36, தேறாது. குதிகாலை, அதாவது அடித்தட்டில் மண்ணுக்கு அடியில் போகும் உள்பக்கத்தை, நீட்டி 1.8 ஆக்கினால் 1.57. முன்பக்கம் 45 செ.மீ., சுவர் 25, பின்பக்கம் 110. முன்னால் உள்ள மண் எதிர்த்துத் தாங்கும் என்று கணக்கில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் கூடாது. வெள்ளம் அரித்தாலோ பக்கத்தில் யாராவது வானம் தோண்டினாலோ அது போய்விடும்.

வலிமைக்குத் தேவைப்படும் கம்பி குறைவுதான், மீட்டருக்கு 300 சதுர மி.மீ. போதும். நான் 12 மி.மீ. கம்பி 15 செ.மீ. இடைவெளியில் போடச் சொல்வேன், 750க்கு மேல் வரும். விரிசல் அகலம் குறைந்தால் உப்பு உள்ளே போகும் வழி குறையும் என்பதற்காக. குறுக்குக் கம்பி 10 மி.மீ., 20 செ.மீ. இடைவெளி, இரு முகத்திலும்.

இனி அதிகம் தவறாகும் இடம். நிற்கும் சுவரின் முதன்மைக் கம்பி மண் பக்கம் இருக்க வேண்டும். பின் குதிகாலில் மேல்முகத்தில். முன் பகுதியில் கீழ்முகத்தில். கம்பி கட்டுபவர் வெளியே தெரியும் முகத்தில் வலுவான கம்பியை வைத்துவிட்டு, மண் பக்கம் 8 மி.மீ. வைப்பதைப் பல தளங்களில் பார்க்கலாம். குதிகாலுக்கு வீட்டு ஃபுட்டிங் போல அடியில் மட்டும் பாய் பின்னிவிடுவார்கள். அந்தச் சுவருக்குக் கணக்கில் கம்பியே இல்லை. கான்கிரீட் போடும் முன் மூன்று இடத்தையும் கைவைத்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்ல வேண்டும்.

கல்லும்_கலவையும்:
கூடவே சிலது. கவருக்குக் கருங்கல் சில்லு, ஓட்டுத் துண்டு, மரக்கட்டை வேண்டாம், அதே தரக் கான்கிரீட்டில் வார்த்த 50 மி.மீ. பிளாக். கட்டுக்கம்பியின் முனையை உள்பக்கம் மடக்குங்கள். முனை ஒன்று கவருக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் துரு அங்கேதான் தொடங்கும். கம்பி லாரி வந்ததும் மணலில் போட்டுவிட்டு ஒரு மாதம் கழித்துக் கட்டினால் உப்பு படிந்திருக்கும். கட்டைமேல் அடுக்கித் தார்ப்பாய் மூடுங்கள், கட்டும் முன் கம்பித் தூரிகை போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

தண்ணீர். போர் தண்ணீர் வாயில் வைத்தாலே உப்பு என்றால் கலவைக்கு ஆகாது. ருசி தெரியாவிட்டாலும் சோதியுங்கள், கம்பிக் கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கியூரிங்குக்கும் அதே நல்ல தண்ணீர். கலவைக்கு டேங்கர் வாங்கிவிட்டு, கியூரிங்குக்கு உப்புத் தண்ணீர் அடித்து, வெயிலில் அது காயக் காய உப்பைப் பச்சைக் கான்கிரீட்டுக்குள் ஏற்றுகிறார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் வெறும் தெளிப்பு பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும், ஈரச் சாக்கு கட்டி 14 நாள்.

பாம்பன்_தென்கரை:
கண்ணாடி இழைக் கம்பி போடலாமா? துருவே பிடிக்காது என்கிறார்கள்.

சுவர்க்கணக்கு:
துரு பிடிக்காது, உண்மை. ஆனால் தளத்தில் வளைக்க முடியாது, அடித்தட்டும் சுவரும் சேரும் முழங்கைக்கு வளைத்தே வர வேண்டும். இரும்பைவிட எளிதாக நீளும், அதனால் இரும்புக்குச் செய்த வரைபடத்தில் அதே எண்ணிக்கையில் மாற்றிப் போடக் கூடாது. தனியாகக் கணக்கிட்டால் நல்ல வழிதான்.

பாம்பன்_தென்கரை:
இன்னொன்று. கடற்கரையை ஒட்டிய இடத்துக்குக் கரை அரிக்காமல் சுவர் கட்ட நினைக்கிறோம். வேலியிலிருந்து கடல் 30 அடி.

மண்ணும்_நீரும்:
அது தாங்குசுவர் வேலை இல்லை. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை சி.ஆர்.இசட்., அதாவது கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தின் எல்லை வரும். முதலில் வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். பொறியியல் காரணமும் உண்டு. நேராக நிற்கும் சுவரில் மோதும் அலை முழு வேகத்தோடு திரும்பி, சுவரின் காலடி மணலை வாரிக்கொண்டு போகும். வாடைக்கு வடகடலும் கச்சானுக்குத் தென்கடலும் கொந்தளிக்கும், எந்தக் கரையானாலும் ஆண்டில் ஒரு பருவம் இது நடக்கும். உங்கள் கரை தப்பினாலும் சுவர் முடியும் இடத்தில் அடுத்தவர் கரை குடையும். கட்டிடத்தைப் பின்னால் தள்ளி, முன்னால் உள்ள மணல் மேட்டைக் கைவைக்காமல் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் படர விடுங்கள். அவற்றைச் சுத்தம் என்ற பேரில் பிடுங்கிய இடங்களில்தான் மணல் முதலில் போகிறது.

மனை_உச்சிப்புளி:
எல்லோருக்கும் நன்றி. கருங்கல் என்று முடிவு செய்துவிட்டேன், அண்ணன் கொடுத்த அளவில். கடைசியாக இரண்டு கேள்வி. சுவரின் மேல் 5 அடிக்குச் செங்கல் காம்பவுண்டு ஏற்றலாமா? செப்டிக் டேங்க் ஊறுகுழியை வீட்டுக்குப் பின்னால், பின்சுவரிலிருந்து 4 அடியில் வைக்கச் சொல்கிறார் மேஸ்திரி, சரியா?

சுவர்க்கணக்கு:
5 அடி ஏற்றாதீர்கள். காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 100 கிலோ என்று எடுத்தாலே, அந்த 5 அடிச் சுவர் கொடுக்கும் கவிழ்ப்பு, மண் கொடுக்கும் கவிழ்ப்புக்குச் சமமாக வருகிறது. புயல் காற்று அதைவிடக் கூடுதல். செங்கல் 2 அடி போதும், அதன் மேல் கம்பி வலை. வலைக்கான தூண் கல் சுவரின் தலையில் விட்ட குழியில் இறங்கட்டும். செங்கல் தொடங்கும் மட்டத்தில் ஈரத்தடுப்புப் படலம் போடுங்கள், இல்லையென்றால் கீழிருந்து உப்பு ஏறிச் செங்கல் பொரிந்து உதிரும்.

ஊறுகுழி 4 அடியில் கூடாது. தினமும் நீங்களே சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம், ஜல்லி வழியே கழிவுநீர் வீப் ஹோலில் வந்து பனங்காட்டில் விழும். நிரப்பிய மண்ணில் சுவரிலிருந்து 5 மீட்டராவது தள்ளுங்கள். முன்பக்கம், ரோட்டோரச் சுவர் மண்ணைத் தாங்கவில்லை, அங்கே இடம் இருக்கும். மாடி மழைநீர்க் குழாயையும் பின்சுவரோரம் இறக்க வேண்டாம், அதுவும் முன்பக்கமே வரட்டும். முற்றத்தின் வாட்டம் சுவரிலிருந்து விலகி, 50க்கு 1.

கல்லும்_கலவையும்:
பேவர் கல்லைச் சுவரை ஒட்டி முதல் வருடமே பதிக்காதீர்கள் தம்பி. ஒரு கார்த்திகை கழியட்டும், நிரப்பிய மண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, மேலே மணல் சேர்த்து இறுக்கிவிட்டுப் பதியுங்கள். அந்த மழையில் சுவரோரம் ஒரே இடத்தில் மட்டும் கிண்ணம் போலக் குழி விழுந்தால், அந்த இடத்தில் துணி விலகியிருக்கிறது. மேலே மண் போட்டு மூடாமல் தோண்டித் துணியைச் சரி செய்யுங்கள்.